நாற்பத்தொரு குண்டர்களும் ஒரு நாற்காலியும்

காஜா பேராங், மலாக்கா
19 ஜூலை 1957

மேன்மை தங்கிய அத்தான் பொன்னுதுரை அவர்களுக்கு, மைத்துனன் தம்பிராஜா வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் சாரதாம்பாளும் பிள்ளைகளும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் இதைவிட நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். எங்கள் சுகம் வழக்கத்துக்காக எழுதியதுதான். பதினைந்து நாளாக எனக்கு வயிறு எரிகிறது. டாக்டர் கொடுத்த வெள்ளை மருந்து கேட்கவில்லை. வியாதியின் பெயர் கலியாணசுந்தரம், அதற்கு மருந்து அவரிடம் இல்லை.

தாங்கள் அறிந்ததுதான், எங்கள் ஆபீஸில் குண்டர் கும்பல்களில் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் மதிப்பிட்டு எழுதுவது என் வேலை. காஜா பேராங் வட்டாரம் என் பொறுப்பு, புக்கிட் பாரு பக்கத்து மேசைக் கலியாணசுந்தரத்தின் பொறுப்பு. எந்தக் கும்பலும் உறுப்பினர் அட்டை கொடுப்பதில்லை, ஆகவே நான் நியாயமாகக் கணித்தேன். ஜெயிலுக்குப் போனவனைக் கழித்தேன், செத்தவனைக் கழித்தேன், கல்யாணம் செய்துகொண்டவனையும் கழித்தேன், ஏனென்றால் அப்புறம் அவனை வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள். ஐம்பத்தொன்றில் நூற்றறுபது, ஐம்பத்துநாலில் தொண்ணூற்றைந்து, இந்த வருஷம் நாற்பத்தொன்று. துரை கூப்பிட்டுக் கை குலுக்குவார் என்று சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார்.

கலியாணசுந்தரமோ, கண்ணில் பட்ட ஒரு குண்டனுக்குப் பின்னால் படாதவர் நாலு பேர் என்று எதையும் ஐந்தால் பெருக்குகிறான். செத்தவனையும் கழிப்பதில்லை, அவன் இடத்துக்குத் தம்பி வந்திருப்பானாம். எழுபது, நூற்றிருபது, இருநூறு என்று அவன் கும்பல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அவன் மேசைக்கு மேலே புது மின்விசிறி. துரை வீட்டு அம்மா அவனுக்குக் கேக் கொடுத்தனுப்புகிறாள். அவன் ஆபீஸ் ஜீப்பில் போகிறான், நான் சொந்த சைக்கிளை மிதிக்கிறேன். அவன் குண்டர்களைப் பார்த்தாலே எனக்குப் பொறாமை அத்தான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அடுத்த மாதம் சுதந்திரம். எங்கள் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி வேலை முடிந்து யாழ்ப்பாணம் போகிறார். துரை கப்பல் ஏறுமுன் அந்த நாற்காலியை எங்கள் இருவரில் ஒருவனுக்குக் கொடுப்பார். அது அவனுக்குப் போனால் என் லீவு மனுவில் அவன் கையெழுத்துப் போடுவான். கோயிலில் சாரதாம்பாள் அவன் மனைவி விஜயாவுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். இதை எப்படித் தாங்குவது?

இந்த லட்சணத்தில், போன வாரம் எங்கள் கும்பல் தலைவன் அப்பாசாமி வீட்டுக்கே வந்துவிட்டான். (எங்கள் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.) கதவைத் திறந்தேன். அவன் அழாத குறையாக நின்றான்.

"என்னா கிராணி, நம்மள நாப்பத்தொண்ணுன்னு எழுதிட்டீங்களாமே? புக்கிட் பாருக்காரன் எரநூறாம். கோப்பிக் கடையில என்னயப் பாத்துச் சிரிக்கிறான்யா."

"அப்ப நீங்களே சொல்லுங்க, எத்தன பேரு?"

"அது ரகசியம், சொல்லக் கூடாது. ஞாயித்துக்கெழம முனியாண்டிக்குக் கெடா வெட்டுறோம். வந்து நீங்களே எண்ணிக்குங்க."

போனேன். பந்தியில் முகம் முகமாய்ப் பார்த்து எண்ணினால் உயிர் மிஞ்சாது. ஆகவே எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கோயிலுக்குப் பின்னால் குவிந்த எச்சில் இலைகளை எண்ணினேன். அரசாங்கக் கிராணி ஒருவன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குச்சியால் ஒவ்வொன்றாய்ப் புரட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு! அவனைவிடப் பன்னிரண்டு கூட. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் சாரதாம்பாள், "கறி நல்லாத்தான் இருந்துச்சு, உப்புதான் கொஞ்சம் கம்மி" என்கிறாள். எங்கள் தெருவே போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. பிள்ளைகள், அடுத்த வீட்டு அஞ்சலை, அவள் மாமியார், பால்காரர் குடும்பம், ஒருவர் பாக்கியில்லை. எங்கள் வீட்டு இலை மட்டும் ஐந்து. கழித்தாயா என்று கேட்பீர்கள். கழிக்கவில்லை அத்தான். பெண்டாட்டி பிள்ளைகளையும் குண்டர்களோடு சேர்த்து டைப் அடித்துத் திங்கட்கிழமை துரை மேசையில் வைத்தேன்.

துரை எழுந்து நின்று படித்தார். மறுநாள் மின்விசிறி என் தலைக்கு மேலே சுற்றியது. ஒரே நாள்தான். புதன்கிழமை காலையில் கலியாணசுந்தரம் புது மதிப்பீட்டோடு வந்தான். நானூறு! எப்படியென்று கேட்டால், விசாரித்ததில் ஒருவனுக்குப் பின்னால் நாலு பேர் இல்லையாம், ஒன்பது பேராம். மின்விசிறி அவன் பக்கமே திரும்பிப் போயிற்று. ஒன்பது பேரை அவன் எந்தக் கண்ணால் பார்த்தான் என்று ஆபீஸில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே அத்தான், கோலாலம்பூரில் தங்களுக்கு வேண்டிய சேதுராமன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, நாற்காலி எனக்கே கிடைக்கும்படி செய்யவேண்டும். கலியாணசுந்தரத்தை மலாக்காவிலிருந்து தூக்கி எங்கேயாவது கண்காணாத தூரத்தில் போட்டால், எங்கள் வீட்டில் அன்றுதான் தீபாவளி. தாங்கள் கைவிட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

அக்கா பாக்கியலட்சுமிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் குடும்பம் வருஷா வருஷம் பெருகி, எந்தக் கிராணியின் கழித்தலுக்கும் ஆளாகாமல் இருக்க முனியாண்டி துணை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
தம்பிராஜா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பியூன் உத்தரவோடு வந்துவிட்டான். நாற்காலி எனக்கே! மின்விசிறியும் எனக்கே. நானூறு பேரைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன் அங்கேதான் தேவை என்று கலியாணசுந்தரத்தை வடக்கே ஏதோ பெரிய ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சாரதாம்பாள் பாயசம் கிண்டிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் இறங்காது. அந்த ஊரில் குண்டர்கள் இரண்டாயிரம் பேராம் அத்தான். இரண்டாயிரம்! அதுவும் பெருக்காமலே! ஆகவே மேலே எழுதியதைச் சேதுராமன் அவர்களிடம் சொல்லவே வேண்டாம். நாற்காலியை அவனுக்கே கொடுத்துவிட்டு, என்னை அந்த ஊருக்கு மாற்றச் சொல்லுங்கள்.