நடுக்கரையைத் தாண்டியவன்

ஊர்க் காட்சியகப் பொறுப்பாளர் மயேசாட்டோ அவர்களுக்குக் கீழ்த்தெரு தொகேஷி ஜின்செய் தலைதாழ்த்திச் சொல்வது. வீட்டில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. தங்கை நாபே எழுதுகிறாள்.

ஓகினாவாவில் வண்டிகளெல்லாம் ஒரே ராத்திரியில் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறிய ஆண்டு அது. தங்கள் கண்ணாடிப் பெட்டியிலுள்ள கூம்புச் சங்கு அந்த ஆண்டுதான் என்னைக் குத்தியது. 'இது குத்தி மீனவர் ஜின்செய் நடுக்கரையில் இறந்தார்' என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறீர்களாம். இறந்தவன் நான்தான், ஆகவே பேசுகிறேன். பவளத்திட்டில் பொறுக்கிய சங்கை இடுப்புத் துணியில் செருகினேன். உள்ளிருந்து ஊசிபோல ஒன்று துணியைத் துளைத்து ஏறியது. வலியில்லை, உதடு மரத்தது. குத்துப்பட்டவன் கரையின் பாதி மணலைத் தாண்டுமுன்னே போய்விடுவான் என்பதால்தான் எங்களூரில் அந்தச் சங்குக்கே 'நடுக்கரை' என்று பெயர். கூட்டாளி செய்கிச்சி அழுதான்.

"நடுவத் தாண்டிட்டா பொழச்சடா!"

"நடு எங்கடா இருக்கு? தண்ணி வத்தி, கரை இந்த நீளத்துக்குக் கெடக்கே!"

"அப்போ தண்ணி ஏறட்டும், கரை சின்னதாயிரும்."

சிப்பி பொறுக்க வந்திருந்த நாபே கத்தினாள்: "அதுவரைக்கும் அண்ணன் தாங்குமாடா, மண்டு?"

மேட்டிலிருந்த தாழையைக் குறிவைத்து நடந்தேன். கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. செய்கிச்சி அடிகளை எண்ணினான்; எண்பதில் குழம்பி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். தாழையைத் தொட்ட பிறகே விழுந்தேன். அப்புறம் செய்கிச்சி என்னைத் தன் லாரியில் ஏற்றி மருத்துவரிடம் கிளம்பினான்; பழைய ஞாபகத்தில் அது வலப்பக்கமே ஓட, எதிரே வந்த பேருந்துக்காரன், "சாகப் போறியா?" என்றான். "ஒருத்தன் ஏற்கெனவே செத்துக்கிட்டுதான் இருக்கான், வழிவிடுய்யா!" என்றான் செய்கிச்சி. மருத்துவர் ஒரு நாள் முழுக்க எனக்குள் மூச்சைத் தள்ளினார்.

ஆகவே 'நடுக்கரையில் இறந்தார்' என்பதை அடித்து, 'நடுக்கரையை நடந்தே தாண்டினார்' என்று எழுதுங்கள். எழுதும்வரை தினமும் சோறு கட்டிக்கொண்டு வந்து பெட்டியருகில் நிற்பேன். வருகிறவர்கள் சீட்டையும் படிக்கட்டும், என்னையும் பார்க்கட்டும்.

முன்னோர்கள் தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

பி.கு.: நாபே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நீ எங்கண்ணே நடந்தே? மூணாவது அடியிலேயே கவுந்துட்டே. தாழை வரைக்கும் உன்ன முதுகுல சுமந்தவ நான்ல!" என்கிறாள். அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள். மறுத்துச் சொல்லச் செய்கிச்சி இப்போது உயிரோடு இல்லை. ஆகவே 'நடந்தே தாண்டினார்' அப்படியே இருக்கட்டும். என் பெயரை மட்டும் அடித்துவிட்டு, அன்று கரையில் இருந்தவர்களில் என்னை விட்டால் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே ஆளின் பெயரை, புகுந்த வீட்டுப் பெயரோடு போடுங்கள்: ஷிமாபுக்குரோ நாபே.