வாசலில் நிற்கிற டைனோசருக்கு உதடு உண்டா?

கோழியைக் கண்டால் எழுந்து நிற்கிற ஒரே மனிதர் ராஜபாளையத்தில், ஏன், மலைக்கு இந்தப் பக்கம் முழுவதிலுமே, எங்கள் கோழி சார்தான். மெய்யாகவே எழுந்து நிற்பார். ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் எங்கிருந்தாவது ஒரு சேவல் வந்து உட்காரும். நாங்கள் "சூ... சூ..." என்போம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

"ஏன் சார் வெரட்டுறீங்க? இது யார் வம்சம்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன! டீக்கடைக்காரர், டவுன் பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட ஆயா, எல்லோருக்கும் மனப்பாடம். டைனோசர் வம்சம்.

அவர் விலங்கியல், நான் தமிழ். ஒரே மேஜையின் இரண்டு பக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது ஆபீஸ் கிளார்க்குக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு விருந்துக்குப் போவது இருக்கிறதே, எதிரிக்குக்கூட அது வேண்டாம். ஒரு மறுவீட்டு விருந்தில் பிரியாணி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இவர் எழுந்து, "எல்லாரும் செத்த நேரம் கைய நிறுத்துங்க!" என்றார். பந்தியே உறைந்தது. பெண்ணின் அப்பா வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"என்ன சார், தொண்டையில எலும்பு மாட்டிக்கிடுச்சா?"

இவர் கவட்டை மாதிரி ஒரு எலும்பைத் தூக்கிக் காட்டினார். "இதே எலும்பு டி-ரெக்ஸுக்கும் இருந்துச்சு. நீங்க சாப்பிடுறது கோழி இல்ல, டைனோசர்!"

எதிர்வரிசைப் பெரியவர் இலையைத் தள்ளி வைத்தார். "மட்டன்னுல்ல சொன்னாக? ஆளுக்கு ஆளு மாத்திச் சொல்றாகளே!" அதைச் சமாதானம் பண்ணுவதற்குள் சம்பந்தி வீட்டார் பாதிப் பேர் கைகழுவப் போய்விட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் வாசலில் டைனோசர் சிலை வைக்கலாம் என்று எங்கள் தாளாளருக்குத் தோன்றியது பாருங்கள், அதைத்தான் விதி என்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ராக்கெட் வைத்துவிட்டார்களாம். அட்மிஷன் நாளில் நம் வாசலில் டி-ரெக்ஸ் நின்றாக வேண்டும்.

சிலை செய்ய ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலு ஸ்தபதி வந்தார். ஆயுசு பூராவும் கோபுரத்தில் சுதைச் சிற்பம் செய்தவர். சாரம் கட்டி, கம்பி வளைத்து, சிமென்ட் பூசி, விறுவிறுவென்று வேலையைத் தொடங்கினார். கோழி சாரும் பாடம் முடிந்த மறுநிமிஷம் சாரத்தின் கீழே ஆஜர்.

"ஸ்தபதி, தலை ஏன் இம்புட்டுப் பெருசு?"

"கோபுரத்துல அப்படித்தான் சார் வைப்போம். அண்ணாந்து பாக்கையில சின்னதாத் தெரியும்ல."

"இது தரையிலல்ல நிக்குது!"

வேலு யோசித்துப் பார்த்து, தலையைக் கொஞ்சம் செதுக்கினார். அடுத்தது கை. டி-ரெக்ஸின் வலது கை, உள்ளங்கையை முன்னால் காட்டி எல்லோருக்கும் அபயம் அளித்துக்கொண்டிருந்தது. கோழி சார் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு உள்ளங்கையும் ஒண்ணையொண்ணு பாக்கணும், ஸ்தபதி. கை தட்டப் போற மாதிரி." அதையும் வேலு திருப்பி வைத்தார். பிடரியில் நாலு இறகாவது வேண்டும் என்று சார் மன்றாடியபோது மட்டும், "பெரிய உருப்படிக்கு இறகு இருந்துச்சான்னு உங்க ஆளுகளுக்கே சந்தேகம்னு நேத்துதான சொன்னீக?" என்று மடக்கினார்.

உதட்டில்தான் யுத்தம் மூண்டது. பல்லெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"உடும்பு, ஓணான் எதாச்சும் பல்லைக் காட்டிக்கிட்டு அலையுதா? உதடு மூடியிருக்கணும். இல்லன்னா பல்லு காஞ்சு வீணாப் போயிரும்!"

வேலு கரண்டியைக் கீழே வைத்தார். "சார், இது எங்க நிக்குது?"

"கேட்ல."

"கேட்ல நின்னா துவாரபாலகர். துவாரபாலகருக்குக் கோரைப்பல்லு வெளிய தெரியணும். எங்க அப்பா காலத்துலருந்து அதான் கணக்கு. வாய மூடிக்கிட்டு நின்னா எவன் பயப்படுவான்?"

கோழி சார் சாரத்தை விட்டு வெளியே வந்தார். நேராகத் தாளாளரிடம் போனார். அவரோ கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், பல்லு இருக்கட்டும். திறப்பு விழாவுல பெத்தவங்க முன்னாடி, 'இது அச்சு அசல்'னு நீங்கதான் மைக்கில சொல்லணும். மாத்திச் சொன்னீங்கன்னா, திங்கக்கிழமை நீங்க வர வேணாம்."

அவ்வளவுதான், மனிதர் ஒடுங்கிப் போனார். வேலை போனால் அந்த வயதில் வேறெங்கே எடுப்பார்கள்? "பிள்ளைக முன்னாடி பொய் சொல்லிட்டு, பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடம் நடத்துவேன் சார்?" என்று என்னிடம் கேட்டார். சாப்பாட்டு டப்பாவை அன்று அவர் திறக்கவே இல்லை.

விழா அன்று காலையில் வாசல் நிறையக் கூட்டம். முன்வரிசையில் வேலு ஸ்தபதி வெள்ளை வேட்டியில், மனைவியோடும் மகள்களோடும் உட்கார்ந்திருந்தார். கோபுரத்தில் அவர் செய்ததையெல்லாம் வீட்டார் அண்ணாந்து பார்த்ததோடு சரி. இதைத்தான் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்க வந்திருந்தார்கள்.

திரை விலகியது. எல்.கே.ஜி.யில் சேர வந்த ஒரு குட்டிப் பெண் வீலென்று அலறினாள். அவ்வளவுதான், தொற்றிக்கொண்டது. அத்தனை பிள்ளைகளும் கோரஸாக அழ, பெற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். தாளாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், பேசுங்க சார்!"

கோழி சார் மைக்கோடு அந்தக் குட்டியின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, உங்க வீட்ல கோழி இருக்கா?"

அழுகைக்கு நடுவே தலையாட்டினாள்.

"இது அந்தக் கோழிக்குப் பெரியப்பா முறை. கால் விரலப் பாரு, அதே மாதிரி இல்ல?"

பார்த்தாள். விசும்பல் குறைந்தது. பிறகு கேட்டாளே ஒரு கேள்வி: "கோழிக்குப் பல்லு இல்லயே. இதுக்கு மட்டும் ஏன் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு?"

கூட்டம் நின்று கேட்டது. தாளாளர் கண்ணாலேயே மிரட்டினார். கோழி சார் அவரைப் பார்க்கவில்லை. வேலுவின் மகள்களைத்தான் பார்த்தார்.

"அது... கேட்ல வாட்ச்மேன் வேல பாக்குதுல்ல பாப்பா? டூட்டி நேரத்துல பல்லைக் காட்டித்தான் நிக்கணும். டூட்டி முடிஞ்சா மூடிக்கிடும்."

குட்டி சிரித்துவிட்டாள். கூட்டம் கை தட்டியது. வேலை பிழைத்தது, வேலுவின் மானமும் பிழைத்தது. சார் மட்டும் ஸ்டாஃப் ரூமில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "புழுகிட்டேன் சார்," என்றார். அட போங்கய்யா, அதைவிட அழகான புழுகை நான் கேட்டதில்லை என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

அட்மிஷன் முடிந்த மறுநாள் பள்ளிக்கு வந்தால், சிலையைச் சுற்றித் திரும்பவும் சாரம். மேலே வேலு ஸ்தபதி, யாரும் கூப்பிடாமலே வந்து, டி-ரெக்ஸின் பல்லுக்கு மேல் சிமென்ட் குழைத்து உதடு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஸ்தபதி இது?" என்றார் கோழி சார்.

"டூட்டி முடிஞ்சிருச்சுல்ல சார்," என்றார் வேலு, திரும்பாமலே. "நீங்க பிள்ளைகிட்ட சொன்ன சொல்லு பொய்யாப் போகக் கூடாதுல்ல?"

கோழி சார் கீழே நின்று சிமென்ட் சட்டியை எடுத்து எடுத்துக் கொடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து. போன வருஷம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இப்போது யார் யாரோ வந்து உட்காருகிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் எனக்கு அந்த மனிதர்தான் வேண்டும்.