அஞ்சு குணம், ஒரே ஒரு அறை

எங்க வீட்டுக்காரர் முப்பத்தஞ்சு வருஷம் கடை கடையாப் போய்த் தராசு சோதிச்ச இன்ஸ்பெக்டர். எடைக்கல்லுல அஞ்சு கிராம் குறைஞ்சாலும் பிடிச்சிடுவார். கட்டின பெண்டாட்டி அஞ்சு கிலோ குறைஞ்சது மட்டும் இன்னிவரைக்கும் அவர் கண்ணுல படல. ரிட்டயர் ஆனதும் எடை போட ஒண்ணும் கிடைக்காம கை அரிச்சுது. நூலகத்து ஹால்ல சனிக்கிழமை தோறும் மனோதத்துவ வகுப்புன்னு நோட்டீஸ் பார்த்தார். போனார். வந்தார். பிடிச்சுது எனக்குச் சனி.

"மனுஷனோட குணத்தை அளந்துடலாம், தெரியுமா உனக்கு?"

"எத்தனை கிலோ இருக்கும்?"

"நக்கல் பண்ணாதே. அதுக்கு ஆளுமைன்னு பேரு. ஒருத்தர் எப்படி நினைக்கிறார், எப்படி உணர்றார், எப்படி நடந்துக்கிறார்ங்கிறது. நாள் மாறினாலும் இடம் மாறினாலும் அது பெருசா மாறாது. ஒரு நாள் கோபப்பட்டா அது ஆளுமை இல்ல."

"தினமும் கோபப்பட்டா?"

"அது நீ."

இடம் மாறினாலும் மாறாதாம்! என் நாத்தனார் புருஷனை அந்த வகுப்புக்காரங்க பார்த்ததில்ல. ஆபீஸ்ல புலி. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பியூன் பெஞ்சிலேருந்து விழுவான். வீட்டுல நாத்தனார் தும்மினாக்கூட இவர் மன்னிப்புக் கேட்பார். ஒரு தடவை ஆபீஸ் ஆளுங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுட்டார். இப்போ புலியா இருக்கணுமா, எலியா இருக்கணுமா? தெரியாம, சாப்பாடு முடியற வரைக்கும் குளியலறையிலயே உட்கார்ந்திருந்தார் மனுஷன். இதைச் சொன்னா இவர் "விதிவிலக்கு"ங்கிறார். தனக்குப் புரியாததுக்கெல்லாம் படிச்சவங்க வெச்ச பேரு அது.

சொல்ல வந்தது ஒரு அறையைப் பத்தி.

எங்க சின்னவ கல்யாணமாகிப் போனதும் அவ அறை காலியாச்சு. தெருவைப் பார்த்த ஜன்னல், கண்ணு கூசற வெளிச்சம். என் தையல் மெஷின் இருபது வருஷமா சமையல்கட்டு வாசல்ல இருட்டுல கிடக்கு. போன மாசம் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே தைச்சுட்டேன். அந்தப் பிள்ளையோட அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! வெளிச்சம் கிடைக்கலேன்னா தையலையே விட்டுடணும். அதனால அறை எனக்கு வேணும்னேன். இவருக்கும் வேணுமாம். எதுக்கு? ஆராய்ச்சிக்கு.

"சண்டை வேண்டாம். விஞ்ஞானமா முடிவு பண்ணுவோம்"னார். "குணம் அஞ்சு. புதுசைத் தேடுறது, பொறுப்பு, கலகலப்பு, விட்டுக்கொடுக்கிறது, மனசு அலைபாயாம இருக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க். யாருக்கு அதிகமோ அவங்களுக்கு அறை."

தனக்குத் தானே இருபத்தஞ்சு போட்டுக்கிட்டார். தன் தராசைத் தானே சோதிச்சுக்கிட்ட கடைக்காரனுக்கெல்லாம் அபராதம் போட்ட மனுஷன்! எனக்கு மட்டும் ஒரு நோட்டு. என் பின்னாலயே பத்து நாள் அலைஞ்சு எழுதினார். "எட்டு பத்து: கத்தினாள். எட்டு இருபது: கத்தினாள்."

"ஏங்க, நான் கத்தறதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதலையே?"

"அது ஆய்வுக்கு வெளியே."

"ஈரத் துண்டைத் தைச்ச துணி மேல போட்டது வெளியே, நான் கத்தினது உள்ளே. நல்லாருக்கே உங்க விஞ்ஞானம்!"

"எட்டு நாப்பது: கத்தினாள்."

எனக்கு ஒன்பது மார்க் வந்துது.

அடுத்த சனிக்கிழமை மனுஷன் சுண்டின முகத்தோட வந்தார். வகுப்பு எடுக்கற டீச்சர் சொல்லிட்டாளாம்: தன்னைப் பத்தித் தான் சொல்றதை மட்டும் நம்பக் கூடாது, யாருமே தன்னைக் கொஞ்சம் தூக்கித்தான் சொல்லுவாங்க, கூட வாழறவங்களும் மார்க் போடணும்னு. கெட்டிக்காரப் பொண்ணு. கையில படிவம் கொடுத்து அனுப்பியிருந்தா.

"நிதானமாப் போடு. அவசரமே இல்ல"ன்னார்.

நான் ஏன் அவசரப்படப் போறேன்? ஆறு நாள் எடுத்துக்கிட்டேன். ஆறு நாளும் துண்டு கொடியில காஞ்சுது. டம்ளர் தானாக் கழுவிக்கிட்டுது. "உனக்குக் கால் வலிக்குதா?"ன்னு ஒரு குரல் கேட்டுது. கதவைத் திறந்து, வேற யாராவது வந்துட்டாங்களான்னு பார்த்தேன்.

ஏழாம் நாள் காலையில போட்டுக் கொடுத்தேன். இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு.

மனுஷனுக்குத் தலைகால் புரியல. "பார்த்தியா! உண்மை தெரிஞ்சவ நீதான்!" கீழ் வீட்டுப் பூட்டு ரிப்பேர்காரர்கிட்டக் காட்டினார். வழியில போனவங்ககிட்டக் காட்டினார். படிவத்துக்குப் பின்பக்கம் ஒண்ணு இருக்குன்னு மட்டும் பார்க்கல. முள்ளு எங்கே நிக்குதுன்னு பார்த்தா போதும், தட்டுல என்ன இருக்குன்னு பார்க்க மாட்டாங்க. அது தராசு ஆளுங்க வியாதி. நேரா வகுப்புக்கு ஓடினார்.

அவர் தெரு முனை திரும்பினதும் நான் பூட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு மெஷினுக்கு ஒரு கை பிடிக்கச் சொன்னேன்.

திரும்பி வந்தப்போ ஜன்னல் ஓரமா நான் காலர் தைச்சுக்கிட்டு இருந்தேன். வாசப்படியிலயே நின்னுட்டார்.

"பின்பக்கம் என்ன எழுதி வெச்சே?"

"'ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு உதாரணம் தருக'ன்னு போட்டிருந்துது. தந்தேன்."

"'மனைவியின் தையலுக்காகத் தனக்குக் கிடைத்த அறையை விட்டுக்கொடுத்தார்'. டீச்சர் மைக்ல படிச்சா! நாப்பது பேர் எழுந்து நின்னு கை தட்டினாங்க!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? கும்பிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"ஏய், மார்க் யாருக்கு அதிகம்? எனக்குத்தானே? அப்போ அறை எனக்குத்தானே கிடைக்கணும்?"

நூலைப் பல்லால கடிச்சு அறுத்தேன்.

"உங்களுக்குத்தாங்க கிடைச்சுது. கிடைக்காததை எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?"