விற்க மனமில்லாத பியானோக்காரர்

கடையைத் திறந்து, விளக்கெல்லாம் போட்டு, 'வாங்க வாங்க' என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, வந்தவர் எதையாவது வாங்கித் தொலைத்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் நடுங்கும் வியாபாரி ஒரு தனி ஜாதி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருமுனை இசைக்கருவிக் கடைக்காரர் அதில் முதல் தரம்.

கிடார், கீபோர்டு எல்லாம் தாராளமாக விற்பார். கண்ணாடி ஜன்னலை ஒட்டி நின்ற குட்டி கிராண்ட் பியானோ மட்டும் வேறு விஷயம். பியானோ கம்பெனி தன் ஏஜென்ட்டான இவருக்கு அதை விற்கத்தான் அனுப்பியிருந்தது. இவரோ தினமும் அதைத் துடைத்து, மூடியைத் தூக்கி, நாலு கட்டையைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் காபியே குடிப்பார். யாராவது விலை கேட்டால் போச்சு. பெண் கொடுக்கிற அப்பாவே இவரிடம் தோற்றுப்போவார். அறையில் வெயில் விழுமா, வீட்டில் பூனை உண்டா, வாசிக்கப்போவது யார், கை கழுவிவிட்டுத்தான் வாசிப்பாரா என்று விசாரணை நீளும். பாதியிலேயே பலர் ஒரு புல்லாங்குழலை வாங்கிக்கொண்டு தப்பிவிடுவார்கள்.

ஒருநாள் பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். கடைசியில் அந்த அம்மாள், பாவம், மூடியைத் தடவிக்கொண்டே, இதன்மேல் நம் கல்யாண போட்டோவை வைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

"இது கொஞ்சம் ரிப்பேர்ல இருக்குங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்தார். எதிர்த்தெருக் கடையில் மூன்று பியானோ போய்விட்டது, இங்கே இரண்டு வருடமாக ஒன்றே நிற்கிறது; மாதக் கடைசிக்குள் விற்காவிட்டால் பியானோவும் ஏஜென்சியும் எதிர்த்தெருவுக்கே என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரரின் மனைவி கடையின் ஆர்டர் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். அதுதான் அவருக்குப் பெரிய பயம். கவலையில் பல்லைக் கடித்துக் கடித்தே ஈறு வீங்கிவிட்டது. மனைவி அவரைக் கையோடு அதே டாக்டரிடம் அழைத்துப்போனார்.

வாயைத் திறக்கவைத்து, ஊசி போட்டு, பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் சாவகாசமாகக் கேட்டார்: "அந்தப் பியானோ ரிப்பேர் முடிஞ்சுதாங்க?"

"ஆ..."

"அப்ப எங்களுக்கே குடுத்துடுவீங்கல்ல?"

"ஆ... ஆ..."

மறுப்பதற்குத் தலையை அசைக்கலாம் என்றால் வாய்க்குள் டாக்டரின் கருவி. கடைக்காரரின் மனைவி கைப்பையிலிருந்து ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். பல் வைத்தியத்துக்குத் துணையாக வந்தவர் அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஏஜென்சி பிழைத்தது. கடைக்காரர் வாரம் தவறாமல், யாரும் கூப்பிடாமலே, டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சுருதி சரிபார்த்துவிட்டு வருகிறார். கம்பெனி புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறது. நேற்று ஒருவர் விலை கேட்டாராம். அதுவும் ரிப்பேராம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஏணியை இரவல் கேட்டபோது, "யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்று சொன்னீர்களே, அந்த ஏணி இப்போது எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது?