இடி நானாவுக்கு நான் தேர்ந்தெடுத்த கேம் ஷாஃப்ட்

ஒரு நல்ல மனிதரின் மோட்டார் சைக்கிளை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். டயரைக் குத்தவில்லை, பெற்றோல் தாங்கியில் சீனி போடவில்லை. வாழ்நாள் முழுக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை வைத்தே கெடுத்தேன். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த மனிதரைப் பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இடி நானா என்று சொன்னால்தான் தெரியும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நைட்டி விற்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு சீசீ இஞ்சின் வேண்டும் என்று நம்பிய ஒரே மனிதர் உலகத்திலேயே அவர்தான்.

மற்றத் துணி வியாபாரிகள் திரீவீலில் வருவார்கள். நானா வருவது, வெளிநாட்டில் கண்டம் விட்டுக் கண்டம் சுற்றுகிறவர்கள் ஓட்டும், படுத்த எருமை மாதிரி அகலமான ஒரு வண்டியில். நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துரையிடமிருந்து அது தன் கைக்கு வந்த விதத்தை அவர் ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார். பக்கப் பெட்டிகள் இரண்டிலும் சேலை இருக்கும். பின் சீட்டைக் கழற்றிய இடத்தில் துணி மூட்டை. முன் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தைகளின் காலுறைகள் ஆடிக்கொண்டிருக்கும். வண்டி கீழ் வளைவில் திரும்பும்போதே மேலே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரம் அதிரும். நானா வரும் நாளில் எங்கள் கோழி முட்டை இடுவதில்லை என்று என் மனைவி குறைசொல்வாள். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவாள்.

அந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. லயத்து முற்றத்துக்குள் வந்துவிட்டால் திருப்புவதற்கு நாலு ஆள் வேண்டும். வேலை முடிந்து வந்த ஆண்கள் மூச்சு வாங்கத் தள்ளுவார்கள். தள்ளுகிறவர்களுக்கு நானா சீட்டில் இருந்தபடியே இடுப்பில் கட்டும் சாரம் விற்பார்.

ஒரு தடவை, பேசாமல் திரீவீல் ஒன்று எடுக்கலாமே என்று கேட்டேன்.

"திரீவீல்ல வந்தா யாவாரி வாறான்னு கதவ சாத்துற மாஸ்டர். இதுல வந்தா மாப்பிள வாறாருன்னு எல்லாரும் வெளிய வாற. சாமான் விக்க வேற என்ன வேணும்?"

எல்லாரும் வெளியே வந்ததுதான் என் கோபத்துக்கும் காரணம். நான் ஓய்வு பெற்றபோது பாடசாலை மண்டபத்தில் பிரியாவிடைக் கூட்டம் வைத்தார்கள். அதற்காக ஒரு உரையை எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகி, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதைக்கூட முடிவு செய்துவைத்திருந்தேன். மாலையோடு எழுந்து "மதிப்பிற்குரிய" என்றேன். தகரம் அதிர்ந்தது. பின் வரிசைப் பெண்கள் முதலில் நழுவினார்கள். பிறகு நடு வரிசை. பிறகு முன் வரிசையிலிருந்து என் மனைவி, யாரையோ கூப்பிடப் போகிறவள் போல. கூட்டத் தலைவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "கலர் நல்லாத்தான் இருக்கு" என்றார். கடைசியில் எனக்கு எதிரே ஒலிவாங்கியும் வெறும் நாற்காலிகளும்தான் மிஞ்சின.

நானாவுக்கு இது எதுவும் தெரியாது. கூட்டம் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டு, ஒரு சட்டைத் துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து வாழ்த்தினார். அதை நான் தைக்கவே இல்லை.

அடுத்த வருடம் அவருடைய இஞ்சினில் கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோயிற்று. போடுவதென்றால் மலைக்கு ஏற்ற, இன்னும் நல்லதாகப் போட வேண்டும் என்று, போனில் ஒரு வெளிநாட்டுப் பக்கத்தைத் திறந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"போன்லயே தமிழாக்கிப் பாத்த மாஸ்டர். அது சொல்ற தமிழ் எனக்கும் வெளங்குதில்ல, போனுக்கும் வெளங்கின மாதிரி தெரியல்ல."

கேம் ஷாஃப்ட் என்பது இஞ்சினுக்குள் சுற்றுகிற ஒரு தண்டு. இஞ்சின் எப்போது மூச்சு இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை அதிலுள்ள மேடுகள் தீர்மானிக்கின்றன. இதையெல்லாம் அன்று அந்தப் பக்கத்தில் படித்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன். அதில் இரண்டு வகை இருந்தன. முதலாவது, பாரம் ஏற்றி மலை ஏறுகிறவர்களுக்கு. இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கொடுக்கும். இரண்டாவது, நேர்ச் சாலையில் பறக்கிறவர்களுக்கு. வேகமாகச் சுற்றினால்தான் அதற்குப் பலம் வரும். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட விளங்கும் ஆங்கிலம்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அந்த வெறும் நாற்காலிகள் கண்ணுக்குள் வந்தன. முதலாவதற்கு எழுதியிருந்ததை இரண்டாவதற்கும், இரண்டாவதற்கு எழுதியிருந்ததை முதலாவதற்கும் மாற்றி வாசித்தேன்.

"அப்ப மலைக்கு ரெண்டாவது தான்?"

"ரெண்டாவதுதான்" என்றேன்.

"நீங்க இல்லாட்டி நான் பிழையானத எடுத்தீப்பன்" என்று சொல்லி, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புதுத் தண்டு போட்டதும் எம்பிலிப்பிட்டியச் சமதரையில் வண்டி பறந்ததாகவும், பெட்டியிலிருந்து கிளம்பிய ஒரு நைட்டி பின்னால் வந்த லொறியின் கண்ணாடியில் போய் அமர்ந்ததாகவும் கேள்விப்பட்டேன். எங்கள் மலையிலோ அதற்கு மூச்சு முட்டியது. முதல் கியரிலேயே வைத்து இஞ்சினை அலறவிட்டால்தான் கொஞ்சமாவது ஏறும். முன்பு இடி மாதிரி வந்து போன சத்தம், இப்போது மரம் அரியும் ஆலை மாதிரி நின்று கதறியது. அதுவும் சரியாக என் வீட்டுக்குக் கீழ் வளைவில் சூடேறி நின்றுவிடும். இஞ்சின் ஆறும்வரை நானா என் வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். பழிவாங்கப் போன நான், அவருக்கு ஒரு தங்குமடம் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர் தண்டைக் குறை சொல்லவில்லை. தன் உடம்பைத்தான் குறை சொன்னார். இனிப்பான வட்டிலப்பத்தை விட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் செருப்போடு ஓட்டினார். ஒருநாள் தாடிகூடக் கொஞ்சம் கட்டையாகியிருந்தது. "பாரம் பாரம்தானே மாஸ்டர்" என்றார்.

நான் சிரித்திருக்கலாம். ஆனால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவை மேற்கணக்கு என்போம். அங்கே பஸ் போகாது. கொழுந்து பறிக்கிற பெண்கள் டவுனுக்குப் போய்த் துணி எடுப்பதென்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அதனால் அத்தனை குடும்பமும் நானாவிடம்தான் எடுக்கும். அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் நானாவின் வருடமே ஓடியது. மேற்கணக்கு ஏற முடியாவிட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான் என்று, பிளேன்டீயைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்.

பலாங்கொடையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸிடம் வண்டியைக் கொண்டுபோனபோது, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை விளக்குவதற்கு என்னையும் கூட்டிப்போனார். பாஸ் சிங்களவர். இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, இது மலைக்கு ஆகாத சாமான், இதைத் தெரிவு செய்தவன் ஒன்று மடையன், இல்லாவிட்டால் உங்களுக்கு வேண்டாதவன் என்று சிங்களத்தில் சொன்னார். நானா எழுந்து, அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சிங்களத்திலேயே பதில் கொடுத்துவிட்டு, இஞ்சினை மூடச் சொல்லி, வேறு கராஜுக்கு வண்டியைத் தள்ளத் தொடங்கினார். வெயில் கொளுத்தியது. அவர் முன்னால் ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் நின்று தள்ளினேன்.

"கோவிக்க வேணாம் மாஸ்டர். படிச்ச மனிசர மதிக்கத் தெரியாத ஆள்."

அவருடைய முகம் தெரியாததால்தான் எனக்கு வாய் வந்தது.

"நானா, பாஸ் சொன்னது சரி. நான் மாத்தி வாசிச்சேன்."

"வயசு போனா அப்பிடித்தான் மாஸ்டர்."

"தெரிஞ்சேதான் மாத்தினேன்."

வண்டி நின்றது. அதன் முழுப் பாரமும் என் மேல் சாய்ந்தது. ஏன் என்று கேட்டார். பிரியாவிடைக் கூட்டத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே கேட்டது. நானா திரும்பாமலே ஹேண்டிலை நிமிர்த்தினார்.

"தள்ளுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

தீபாவளிக்கு வர இருந்த என் மகன் கட்டாரில் இருக்கிறான். சரியான தண்டை வாங்கிவரச் சொல்லி அவனுக்குப் போன் எடுத்தேன். காரணம் கேட்டான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "அப்பா, எங்களுக்கு நீங்கதானே சமயப் பாடமும் எடுத்தீங்க?" என்றான்.

அவன் வரும்வரை சும்மா இருக்க மனம் விடவில்லை. துணியை நானே கொண்டுபோய் விற்றுத் தருகிறேன் என்று நானாவின் வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளேயே இருந்துகொண்டார். அவருடைய மனைவி ஒரு துணி மூட்டையைக் கதவடியில் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்து, குறுக்குப் பாதையால் மேற்கணக்குக்கு ஏறினேன். இடையில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. லயத்தில் என்னைச் சுற்றி நின்றதெல்லாம் என் பழைய மாணவிகள். நைட்டியை எப்படி விரித்துக் காட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

"நானான்னா, ஒனக்கு எடுப்பா இருக்கு தங்கச்சின்னு சொல்லுவாருங்க" என்றாள் ஒருத்தி. "நீங்க பரீட்ச பேப்பர் பாக்கிற மாதிரி பாக்கிறீங்களே மாஸ்டர்."

நானா ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அங்கேயும் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. விரித்த துணிகளை மட்டும் திரும்ப மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

"நானா வரட்டுங்க. வராட்டி இந்த வருசம் பழசே கட்டிக்கிறோம்."

மூட்டை குறையாமல் இறங்கினேன். அன்று மாலை நானாவின் கதவடியில் அதைத் திரும்ப வைத்து, அவர்கள் சொன்னதை உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மகன் தண்டைத் தன் காலுறைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். நானா பாஸிடமே திரும்பிப் போய், மன்னிப்புக் கேட்டு, அதைப் போடவைத்தார். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை வண்டி நிறையத் துணியோடு என் வாசலுக்கு வந்தார்.

"ஏறுங்க."

"எங்க நானா?"

"மூட்டைக்கு மேல. இந்த முறயும் பிழையாப் போனா நீங்களும் சேந்து உருளணும் தானே."

வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு சேலை மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி மோட்டார் சைக்கிளில் ஏறினேன். வண்டி அலறவில்லை. நன்றாகச் சாப்பிட்ட யானை மாதிரி, அவசரமில்லாமல் மலையை ஏறியது. மேற்கணக்கில் எல்லாரும் வெளியே வந்தார்கள். இருட்டுமுன் பெட்டிகள் காலி.

அதற்குப் பிறகு நானா என் வீட்டைத் தாண்டி நிற்காமல் போனார். இஞ்சின்தான் சூடாவதில்லையே. கேத்தலில் தண்ணீர் கொதித்து அடங்கும். "நல்ல ஷாஃப்ட்டா பாத்துப் போட்டுக் குடுத்தீங்க" என்றாள் மனைவி. "இனி எங்க நிக்கப் போறாரு?"

போன கிழமை நின்றார். போனைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"பின் சீட் போடப் போற மாஸ்டர். ரெண்டு மாதிரி ஈக்கி. வாசிங்க."

ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன். உத்தரவாத நிபந்தனைகளைக்கூட விடவில்லை. மூட்டையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். பெட்டிகளுக்கு மேலே கட்டிக்கொள்ளலாம், மேற்கணக்கில் உங்களைக் கேட்கிறார்கள் என்று எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"எது நல்லம்?"

முதுகு சாய்கிற பலகை உள்ளதைக் காட்டினேன்.

"அது பாரம் கூட."

"இந்த ஷாஃப்ட் இழுக்கும், நானா" என்றேன்.