ரொட்டிக்காரரின் காணாமல் போன கால்

ஐரோப்பாவை வீட்டுக்குள் கடத்தி வருவது என்று தீர்மானித்தேன்.

முழு ஐரோப்பாவையும் அல்ல. முதல் உலகப் போர் நடந்த அளவுக்கு மட்டும். ஆறு பாகம். ஒவ்வொன்றையும் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். நூலகத்தில் பழசைக் கழித்து விற்றார்கள். கண்ணில் பட்டது. பட்டபின் நான் என் வசத்தில் இல்லை.

ஆனால் வீட்டில் சட்டம் இருக்கிறது. இயற்றியவள் என் மனைவி. மருந்துக் கடையில் காலை வேலை அவளுக்கு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஊருக்கே அளந்து கொடுத்துப் பழகிய கை. எனக்கும் ஐரோப்பாவை அளந்துவிட்டாள்.

"ஹால்ல மன்னருங்க. கட்டில் அடியில புரட்சி. துவைக்கற துணி வைக்கற கூடையில என்னன்னு பார்த்தா, தேவாலயக் கோபுரம். இது வீடா, கண்டமா?"

"எல்லாம் நல்ல புத்தகம்மா."

"நல்லதுதான். நாம எங்க உட்கார்றது? இனி ஒரு ஐரோப்பா உள்ள வந்துச்சு, இருக்கற அத்தனையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போயிடும்."

"அந்தப் பயண நூல் ஒண்ணு பாதியில நிக்குதே?"

"பாலம் படம் போட்டதா? அதை முடிச்சுக்குங்க. அதோட ஐரோப்பாவுக்கு ஒரு கும்பிடு."

சும்மா மிரட்டுகிற ஆளல்ல அவள். நான் சேர்த்து வைத்திருந்த பழைய நாளிதழ்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசில் ஏறியதை இந்தக் கண்களால் பார்த்தவன் நான். அழக்கூட நேரம் தரவில்லை.

ஆனால் நானும் நாளிதழில் உதவி ஆசிரியன். தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று என்று வைத்துத்தான் இத்தனை வருடம் சாப்பிடுகிறேன். அந்தப் பயண நூலின் மேலட்டையைக் கழற்றினேன். ஆற்றின் மேல் ஒரு பாலம், கீழே ஒரு படகு. அதைப் போரின் முதல் பாகத்துக்கு மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. மற்ற ஐந்து பாகங்களையும் ஒளித்தேன். இரண்டாம் பாகம் பெட்டியில். மூன்றாம் பாகம் சட்டைகளுக்குப் பின்னால். அப்புறம் செருப்பு அலமாரி, சோபாவின் அடிவயிறு, பழைய மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி. ஒன்றை முடித்ததும் அட்டையைக் கழற்றி அடுத்ததற்கு மாட்டினால் போதும். மேசையில் எப்போதும் ஒரே புத்தகம். பாலம், படகு, நிம்மதி.

பாக எண் முதல் பக்கத்தில் இருக்குமே என்பீர்கள். இருந்தது. சரியாக அதன் மேல்தான் 'கழிக்கப்பட்டது' என்று நூலகத்தார் முத்திரை குத்தியிருந்தார்கள். அதனால் என்ன? ஒளித்த இடம்தான் எண்.

அவள் காலையில் கடைக்குப் போவாள். நான் படிப்பேன். மத்தியானம் அவள் வருவாள். நான் பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்புவேன். ராஜதந்திரம் கச்சிதமாக நடந்தது.

"இன்னும் அந்தப் பாலத்தைத் தாண்டலையா நீங்க?" என்பாள், சாப்பாட்டு மேசையில்.

"நிதானமா போறேன். பயணம்னா அப்படித்தான்."

"படகாவது கரைக்கு வந்துச்சா?"

எனக்குள் சிரிப்பு பொங்கும். சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

புத்தகத்தில் என்னைக் கட்டிப் போட்டவர் ஒரு ரொட்டிக்காரர். பெரிய தளபதி அல்ல. ஏதோ சிற்றூரில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவரைப் போருக்குப் பிடித்துப் போகிறார்கள். பதுங்குகுழியில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். அடுப்பை அணைத்தாயா, மாவில் வண்டு விழுந்துவிடப் போகிறது, என்று. தலைக்கு மேல் குண்டு போகிறது. மனிதருக்கு வண்டு கவலை. ஆறு பாகத்திலும் அவர் கடிதங்கள் வரும் என்று முன்னுரை சொன்னது.

குழப்பம் இரண்டாம் பாகத்தில் ஆரம்பித்தது.

ஒருநாள் ரொட்டிக்காரரை மழையில் நிறுத்தி, அடையாளத்துக்கு நாடா வைத்து மூடிவிட்டுப் போனேன். மறுநாள் அதே நாடாவில் திறந்தேன். மழை இல்லை. பனி. ரொட்டிக்காரருக்கு இடது காலும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கால் எப்போது போனது? முன்பக்கங்களைப் புரட்டினேன். நான் படித்ததாக நினைத்த எதுவும் அங்கே இல்லை.

தூக்கக் கலக்கத்தில் படித்திருப்பேன் என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் சட்டைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்த பாகத்தில் அதே மனிதர் இரு கால்களோடு ஆற்றைத் தாண்டி ஓடினார். ஓடியதும் அல்லாமல், கால் வலிக்கிறது என்று மனைவிக்குக் கடிதமும் போட்டார். இரண்டு காலும்!

செருப்பு அலமாரியிலிருந்து அடுத்த பாகத்தை எடுத்தேன். அதில் போர் இன்னும் தொடங்கவே இல்லை. ஆஸ்திரிய இளவரசர் தெம்பாகக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. முதல் பாகத்தை நான் முடித்தேனா, இல்லையா?

"ஏம்மா, எனக்கு ஞாபக மறதி மாதிரி இருக்கு."

"எப்படி?"

"படிச்சது தங்க மாட்டேங்குது. நேத்து ஒண்ணு இருக்கு, இன்னைக்கு வேற ஒண்ணு இருக்கு."

அவள் என் நெற்றியில் கை வைத்தாள். முகத்தில் அப்படியொரு இரக்கம். மறுநாள் கடையிலிருந்து ஒரு புட்டி மாத்திரை கொண்டு வந்தாள்.

"சாப்பிட்டதும் ஒண்ணு போடுங்க."

"சரியாயிடுமா?"

"சில பேருக்கு ஆகும். சில பேருக்கு நாளாகும். வயசாகுதுல்ல?"

போட்டேன். ரொட்டிக்காரருக்கு மறுபடியும் கால் போயிற்று.

இந்த நேரம் பார்த்து மாடிவீட்டுப் பல் டாக்டர் வந்தார். எங்கள் குடியிருப்பின் வாசகர் வட்டம் அவர் பொறுப்பில். கீழே பொதுக்கூடத்தில் வட்டத்துக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி, பெரியது, காலியாக நிற்கிறது.

"சார், இந்த ஞாயித்துக்கிழமை நீங்க பேசறீங்க. ஐரோப்பியப் போரும் சாதாரண மனுஷனும்."

"எனக்கு உடம்பு கொஞ்சம்..."

"பேச்சு நல்லா அமைஞ்சா அலமாரி சாவி உங்க கையில. பொறுப்பாளர் பதவி. எத்தனை புத்தகம் வேணும்னாலும் கொண்டு வந்து அடுக்குங்க."

உடம்பு உடனே குணமாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். அத்தனை புத்தகங்களும் வீட்டுக்கு வெளியே, சட்டத்துக்கு உட்பட்டு, கண்ணாடிக்குப் பின்னால்! கூடையும் வேண்டாம், கட்டிலடியும் வேண்டாம். பழைய பேப்பர்காரர் மணியடித்தால் நெஞ்சு அடிக்க வேண்டாம். சாவி ஒன்று போதும்.

பேசத்தான் வேண்டும். ஆனால் ரொட்டிக்காரரின் காலை என்ன செய்வது?

நாளிதழ் அனுபவம் கைகொடுத்தது. இரண்டு நிருபர்கள் ஒரே ஆசாமியைப் பற்றி முரண்பட்ட செய்தி அனுப்பினால் நாங்கள் கலங்குவதில்லை. இரண்டு ஆசாமிகள் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் போட்டுவிடுவோம். மறுநாள் யாரும் கேட்பதில்லை. இங்கேயும் அதே விடைதான். ரொட்டிக்காரர் ஒருவர் அல்ல. இருவர்! ஒருவருக்குக் கால் உண்டு. இன்னொருவருக்கு இல்லை. இத்தனை காலம் எந்த அறிஞனுக்கும் இது எட்டவில்லையே என்று எனக்கே மெய்சிலிர்த்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். ரொட்டிக்காரரின் வண்டுக் கடிதங்கள் சிலவற்றை, மனைவி பெயரோடு வாசித்துக் காட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"நண்பர்களே, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். அந்தக் கடிதங்களை எழுதியவர் ஒரு ரொட்டிக்காரர் அல்ல. இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மற்றவர் ஆற்றைத் தாண்டுகிறார்."

பல் டாக்டர் வாயைப் பிளந்தார். மற்றவர்களைத் திறக்கச் சொல்லும் வாய் அது.

"ரெண்டு பேர் பொண்டாட்டிக்கும் ஒரே பேரா சார்?"

"ஆச்சரியம் அதுதான்!"

"ரெண்டு பேர் வீட்டு மாவுலயும் வண்டா?"

"ஐரோப்பா முழுக்க வண்டு சார் அப்போ!"

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"ஒரே ஆள்தாங்க" என்றாள் என் மனைவி.

கூடம் திரும்பிப் பார்த்தது.

"ஆத்தைத் தாண்டறது மூணாம் பாகம். கால் போறது அஞ்சாம் பாகம். நீங்க அஞ்சை முன்னாடியும் மூணைப் பின்னாடியும் படிச்சிருக்கீங்க."

"மூணாம் பாகமா?" என்றேன். "எந்த மூணாம் பாகம்?"

"உங்க சட்டைக்குப் பின்னாடி இருந்தது. சலவைத் துணி அடுக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"தூக்கிப் போடத்தான் எடுத்தேன்" என்றாள், கூடத்தைப் பார்த்து. "நடுவுல ஒரு கடிதம் கண்ணுல பட்டுடுச்சு. அடுப்பை அணைச்சியான்னு கேட்டிருந்தார். அப்புறம் எப்படித் தூக்கிப் போடறது? தினம் மத்தியானம் இவர் போனதும் உட்கார்ந்துடுவேன். ஐரோப்பாவே வேணாம்னு சொன்ன வாயாச்சே, யாராவது வந்தா? அதனால பாலம் போட்ட அட்டையைக் கழற்றி, இவர் வச்ச நாடாவோட, நான் படிக்கற பாகத்துக்கு மாட்டிக்குவேன். திருப்பி எதுல மாட்டினேன், எதை எங்க வச்சேன்னு சில நாள் ஞாபகம் இருக்கறதில்ல."

"அப்போ எனக்குக் கொடுத்த மாத்திரை?"

"சத்து மாத்திரைதான். நல்லது."

"எல்லாம் தெரிஞ்சும் இத்தனை நாள் பேசாம இருந்தியே! இன்னைக்கு மட்டும் ஏம்மா, இத்தனை பேர் நடுவுல?"

"நீங்க என்ன வேணா குழம்பிக்கங்கன்னு இருந்தேன். ஆனா அந்த மனுஷனை ரெண்டு துண்டாக்கிட்டீங்களே, அது பொறுக்கல." "ஒரே ஆளுங்க அவர். ஒத்தைக் காலோட வீட்டுக்குப் போய், முதல் வேலையா அடுப்பு எரியுதான்னு பார்க்கறாரு. ஆறாம் பாகத்துல."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், அந்த ஆறாம் பாகத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்."

சொன்னாள். நான் ஒதுங்கி, அவள் விட்டுவந்த கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பதுங்குகுழியிலிருந்து வீடு வரை, நிறுத்தாமல், வரிசையாக. எனக்கே அன்றுதான் அந்தப் போர் புரிந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் சாவி கைமாறியது. அவள் கைக்கு.

என் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. மன்னர்கள், புரட்சி, கோபுரம் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால், தூசி இல்லாமல். கட்டிலுக்கடியில் இப்போது காற்று வருகிறது. வேண்டும் என்று கேட்டால் பொறுப்பாளர் எடுத்துத் தருவார். ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் என்பது வட்டத்தின் புது விதி.

போரை முதலிலிருந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் முதல் பாகம் முடிந்தது. இந்த வாரம் நாலாம் பாகம் கிடைத்திருக்கிறது. இரண்டையும் மூன்றையும் பல் டாக்டரும் அவர் மனைவியும் கொண்டுபோயிருக்கிறார்களாம்.