பஞ்சர் கடையிலிருந்து ஒரு நிர்வாக ஆய்வு

தலைமைப் பண்பு பற்றி யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே பழைய டயர் வாசனை வந்துவிடும். என் நாற்பத்திரண்டாவது வயதில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, லாரி டயர்களுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எதிரே இருந்த என் சொந்த ஆபீஸையே வேவு பார்த்தவன் நான். (போலீஸுக்குப் பயந்து என்றால்கூட ஒரு கெத்து இருந்திருக்கும்.)

பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் போகிற ரோட்டில் ஒரு மக்காச்சோளக் கோடவுன். அதற்கு நான் மானேஜர். விவசாயிகள் டிராக்டரில் சோளம் கொண்டுவருவார்கள். மெஷினில் ஈரம் பார்த்துச் சீட்டுப் போடுவது செல்வராணி. எடை போட்டு, சாக்குத் தைத்து, லாரியில் ஏற்றுவது கொளஞ்சியும் அவரோடு இருக்கும் ஆறு லோடுமேன்களும். அப்படியானால் உன் வேலை என்ன என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியால்தான் நான் டயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் 'எல்லாமே நான்தான்' என்றிருப்பேன். மெஷின் ஈரம் பதினாலு என்று காட்டும். செல்வராணி பதினாலு என்று எழுதப்போவார். நான் கையை உயர்த்தி நிறுத்தி, மூட்டைக்குள் கைவிட்டு, நாலு சோளத்தை வாயில் போட்டுக் கடித்து, வானத்தைப் பார்த்து யோசித்து, "பதினாலு" என்பேன். அதன் பிறகுதான் எழுத வேண்டும். ஒவ்வொரு டிராக்டருக்கும் இது நடக்கும். பல் டாக்டர் காரணம் கேட்டபோது 'நிர்வாகம்' என்று சொன்னேன்.

முதலாளி அரியலூரில் இருந்தார். அவருக்கு ஜல்லி, சிமெண்ட் லாரி என்று வேறு தொழில்களும் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் அவரைத் தொழிலதிபர்கள் வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து உலகத்தில் எந்த மூலையில் எவர் தலைமையைப் பற்றி ஆராய்ந்தாலும் அதன் பலனை அனுபவிக்க வேண்டியவர்கள் நாங்கள் என்றாகிவிட்டது. நின்றுகொண்டே கூட்டம் நடத்தினால் வேலை சீக்கிரம் முடியுமாம் என்று ஒருமுறை சொல்லியனுப்பினார். ஆட்களை நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னேன். கொளஞ்சி, "நாங்க பொழுதனைக்கும் நின்னுகிட்டுதான சார் இருக்கோம். கூட்டத்துக்காவது உக்கார வுடுங்க" என்றார். அந்த ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது.

ஒரு திங்கட்கிழமை முதலாளி போன் செய்தார்.

"நல்ல தலைவன் இல்லாத அன்னிக்கும் வேலை நடக்கணுமாம். ஒரு கட்டுரையில போட்டுருக்கான். இன்னொரு கட்டுரையில, இந்த மானேஜர் பதவியே பாதி எடத்துல தேவையில்லங்கிறான். நம்ம எடத்துல எப்புடின்னு பாத்துருவோம். புதன்கெழம நீங்க வராதீங்க. போன ஆஃப் பண்ணிருங்க. சோதனைன்னு ஆளுங்களுக்குத் தெரியக் கூடாது."

"சரிங்க. வேலை நடந்துருச்சுன்னா?"

"பாப்போம்."

"நடக்கலன்னா?"

"அதையும் பாப்போம்."

வீட்டில் சொன்னேன். என் மனைவி தனம் பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னாள். "நீங்க இல்லாம நடக்கலன்னா, ஆளப் பழக்கத் தெரியலன்னு அனுப்பிருவாரு. நடந்துச்சுன்னா, அப்பறம் நீங்க எதுக்குன்னு அனுப்பிருவாரு. எதுக்கும் எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

அவள் அண்ணனுக்கு ஜெயங்கொண்டத்தில் பாத்திரக் கடை. மச்சான் கடையில் நின்று குக்கர் மூடியைத் தட்டிக் காட்டும் என் எதிர்காலம் கண்முன் வந்தது. இரண்டு மகள்களும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலவும் தெரிந்தது. அன்று பாகற்காய் எனக்குக் கசக்கவில்லை.

அடுத்த சிக்கல், லீவுக்கு என்ன காரணம் சொல்வது? எங்கள் பக்கம் காரணம் சொல்லாமல் லீவு போட முடியாது. உடம்பு சரியில்லை என்றால் சாயங்காலமே பழத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். துக்கம் என்றால் மாலையோடு வந்துவிடுவார்கள். ரொம்ப யோசித்து, "குலதெய்வம் கோயிலுக்குப் போறேன்" என்றேன். அரியலூர் தாண்டி வயல்காட்டுக்குள் இருக்கிற சாமி, யார் தேடி வரப்போகிறார்கள் என்ற கணக்கு. வாரத்தின் நடுவில் லீவு போட்டு ஒருவன் குலதெய்வம் கோயிலுக்குப் போனால் அது கெடா வெட்டு என்றுதான் ஊரில் அர்த்தம், அதற்கு, உடன் வேலை செய்கிறவர்களை அழைக்காமல் போவது பெரிய அவமரியாதை என்பதை நான் மறந்துவிட்டேன். (பயம் வந்தால் எனக்கு முதலில் மறந்துபோவது ஊர் வழக்கம். இரண்டாவது, செருப்பு.)

புதன்கிழமை வந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. கோடவுனுக்கு நேர் எதிரே பாஷா பாய் பஞ்சர் கடை. போய்ப் பழைய டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"ஏன் சார் முக்காடு?" என்றார் பாய்.

"வெயிலு பாய்."

"தை மாசம் காலையிலயா?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

என் கணிப்பு இதுதான். ஒன்பதரைக்கு விவசாயிகள் சண்டை போடுவார்கள். பத்து மணிக்கு செல்வராணி அழுவார். பதினொன்றுக்கு லாரி குறுக்கே நின்று ரோடு அடைக்கும். பன்னிரண்டுக்கு 'எங்கே நம் மானேஜர்' என்று எல்லோரும் கிழக்கே பார்த்து ஏங்குவார்கள்.

ஒன்பதரைக்கு முதல் டிராக்டர் வந்தது. செல்வராணி ஈரம் பார்த்தார், எழுதினார். யாரும் சோளத்தைக் கடிக்கவில்லை. டிராக்டர் போய்விட்டது. அடுத்தது வந்தது, அதுவும் போய்விட்டது. பத்து மணிக்கு என் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு, கால் வலியென்று நின்ற ஒரு பெரியவரை அதில் உட்கார வைத்தார்கள். நான் ஐந்து வருடம் உட்கார்ந்த நாற்காலி அது. அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு டிராக்டர்கூட இல்லை. எங்கள் வாசலில் தரை சிமெண்டுத் தரை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாயிடம் போனை வாங்கி, குரலை மாற்றிக்கொண்டு கோடவுனுக்கு அடித்தேன்.

"அம்மா, குன்னம் பக்கத்துலேருந்து பேசுறோம். ரெண்டு டிராக்டரு சோளம் கெடக்கு. மானேஜரு இல்லியாமே? நாளைக்கு வரட்டுமா?"

"ஐயோ, நாளைக்கு வராதீங்கண்ணே" என்றார் செல்வராணி. "நாளைக்கு அவரு வந்துருவாரு. இன்னிக்கே வந்தீங்கன்னா பத்து நிமிஷத்துல அனுப்பிருவேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"துக்கச் செய்திங்களா சார்?"

"ஆமா பாய்."

"யாரு?"

"மானேஜரு."

இரண்டு மணிக்குக் கடைசி லாரி போனது. ஷட்டரை இறக்கினார்கள். பிறகு நடந்தது எனக்குப் புரியவில்லை. லோடுமேன்கள் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி வந்தார்கள். செல்வராணி கையில் பெரிய மாலை. கொளஞ்சி கையில் உயிரோடு ஒரு சேவல். எல்லோரும் கோடவுனின் குட்டி யானை வேனில் ஏறினார்கள். வண்டி ரோட்டைக் கடந்து நேராகப் பஞ்சர் கடைக்கு வந்தது. நான் டயரோடு டயராக ஒட்டிக்கொண்டேன்.

"பாய், பின்னாடி வீலுக்குக் காத்துப் புடிங்க" என்றது கொளஞ்சியின் குரல். "மானேஜரு கோயில்ல கெடா வெட்டு. நம்மளக் கூப்புடக் கூச்சப்பட்டுட்டாரு போல. அதுக்காவ வுட்டுற முடியுமா? வேலைய வெரசா முடிச்சுட்டு நாமளே போயிருவோம்னு கெளம்பிட்டோம்."

பாய் காற்றுக் குழாயை இழுத்தார். வரவில்லை. நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை பலமாக இழுத்தார். குழாய் வந்தது. கூடவே நானும் வந்தேன்.

சேவல்கூடச் சத்தம் போடவில்லை.

"சார்?" என்றார் கொளஞ்சி.

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"டயருக்குள்ளயா?"

செல்வராணி மெதுவாகச் சொன்னார். "குன்னத்துக்காரரு ஏன் பாய் நம்பர்லேருந்து பேசுறாருன்னு அப்பவே நெனச்சேன் சார்."

அதற்கு மேல் மறைக்க என்னிடம் துண்டு மட்டும்தான் இருந்தது. கட்டுரை, சோதனை, பாத்திரக் கடை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

கொளஞ்சி சேவலைக் கை மாற்றிக்கொண்டார். "அது கெடக்கட்டும் சார். சாமி பேரச் சொல்லி லீவு போட்டுட்டு டயருக்குள்ள உக்காந்துருக்கீங்களே, சாமி சும்மா வுடுமா? மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுவோம். ஏறுங்க."

ஏறினேன். பின்னால் சேவலுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். முடிவு தெரியாமல் அந்த வண்டியில் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அரியலூர் வந்ததும் செல்வராணிக்கு ஒரு யோசனை உதித்தது. "முதலாளி ஆபீஸ் வழியிலதான இருக்கு. அவரக் கூப்புடாமப் போனா நல்லாவா இருக்கும்?" நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியைக் கும்பிடுவதாக நினைத்துவிட்டார்கள் போல. வண்டி நின்றது.

முதலாளி வெளியே வந்தார். ஆட்களைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோடவுன்?"

"பூட்டியாச்சுங்க. வந்த சோளம் பூராவும் ஏத்தி அனுப்பியாச்சு" என்றார் கொளஞ்சி.

"இந்நேரத்துக்கா? மானேஜர் வந்தாரா இன்னிக்கி?"

என்னைச் சேர்க்காமல் எட்டுப் பேர் வண்டியில் இருந்தார்கள். அதில் ஒருவர் 'எதிர்த்தாப்புல பஞ்சர் கடையில...' என்று ஆரம்பித்திருந்தால் போதும், மறுநாள் நான் குக்கர் மூடி தட்டியிருப்பேன்.

"கோடவுன் வாசல்ல கால் வைக்கலிங்க" என்றார் கொளஞ்சி. வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

"அப்ப யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

செல்வராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈரம் பார்க்கும் மெஷின் மாதிரி ஒரு பார்வை. "எல்லாம் சார் பழக்குனதுதாங்க" என்றார், கண் இமைக்காமல்.

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "இதான்! இதத்தான் அந்தக் கட்டுரையில போட்டுருந்தான்!" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

என் வேலை தப்பியது. மறுநாள் முதல் டிராக்டர் வந்தபோது பழக்கத்தில் மூட்டைக்குள் கையை விட்டேன். செல்வராணி எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு சோளத்தைக் கடித்ததில்லை. இப்போது கோடவுனை நடத்துவது செல்வராணிதான், பலகையில் மட்டும் என் பெயர் இருக்கிறது. ஆய்வின் முடிவைக் கெடுக்கக் கூடாதென்று முதலாளி எனக்குப் புதன்கிழமை தோறும் கட்டாய விடுப்பு கொடுத்துவிட்டார். அந்த எட்டுப் பேர் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக வருடா வருடம் தை மாதம் என் குலதெய்வத்துக்கு நிஜமாகவே கெடா வெட்டு நடக்கிறது. சாமிக்கு இது எதுவும் தெரியாது, சந்தோஷமாக இருக்கிறது.

தனத்திடம் மட்டும் விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். போன மாதம் மூத்தவள் நிச்சயதார்த்தம். பந்தல்காரரிடம் ஒன்று, சமையல்காரரிடம் ஒன்று, அதை மாற்றி மறுபடி ஒன்று என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் தனம் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"ஏங்க, கொஞ்சம் பஞ்சர் கடை வரைக்கும் போயிட்டு வாங்களேன். வேலை ஆவட்டும்."

போனேன். வந்து பார்த்தபோது இரண்டு பந்தி முடிந்திருந்தது.